கப்பல் ஒரு பக்கம் சாய்ந்த கதை

அக்கா முதல் அடி எடுத்து வைத்ததுமே கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கேப்டன் அவள் கையைப் பிடித்து ஆட, மூவாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே இரண்டு திமிங்கிலங்கள் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

"போன தடவை சொன்னப்ப ஒரு திமிங்கிலம்தானே அண்ணி வந்துச்சு?" என்றாள் தம்பியின் மனைவி.

"அது புருஷன்காரன். பெண்டாட்டி தகவல் கேட்டுப் பின்னாடியே ஓடி வந்தா. எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லிட முடியுமா?"

வீட்டுக் கூடம் சிரித்தது. தம்பியின் மாமனார், மாமியார், மச்சினி மூவரும் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, டிவியில் ஓடிய கப்பல் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீச்சல் குளத்தில் தம்பி. மேல்தளத்தில் கறுப்புக் கண்ணாடியோடு தம்பி. கம்பெனி மேனேஜரின் தோளை உரசியபடி தம்பி. எதிலும் அக்கா இல்லை. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில், ஈரத் துண்டைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் இருந்தது. அது அவளுடையது.

"கதை விடாதக்கா," என்றான் தம்பி, திரும்பிப் பார்க்காமலே. "நீ ரூம்ல பிள்ளைங்களோட தூங்கிட்டிருந்த. கனவு கண்டிருப்ப."

மற்றவர்கள் திமிங்கிலங்களைக் கழித்துவிட்டு மிச்சத்தையாவது நம்பினார்கள். இவன் ஒருத்தன்தான் அடியோடு மறுத்தான். 'ஆமாக்கா, நானும் பாத்தேன்.' அவனிடமிருந்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் ஊர் திரும்பிய நாளிலிருந்து அக்கா கதையை ஊதி ஊதிப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா அம்மா போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் தம்பி வளர்ந்தான், படித்தான், கோட்டு போட்டான். கல்யாணம் என்ற ஒன்று அவளுக்கு வாய்க்கவே இல்லை. கம்பெனி அவனைக் குடும்பத்தோடு கப்பலில் அனுப்பியபோது, "நீயும் வாக்கா, கடல் பாக்கலாம்," என்றான். அவளுக்கும் தம்பியின் பிள்ளைகளுக்கும் கிடைத்தது ஜன்னல் இல்லாத அறை. கடல் எந்தப் பக்கம் என்று சுவரைத் தட்டித்தான் கேட்க வேண்டும்.

ஆனாலும் குறையொன்றுமில்லை என்பாள். பிள்ளைகள் விளையாட்டு அறையில் இருந்த நேரமெல்லாம் அவள் தின்ற ஐஸ்கிரீமில் சரக்கு தீர்ந்து, எதிரே வந்த கப்பலை நிறுத்திக் கடன் வாங்கினார்களாம்.

கடைசி நாள் மாலை தம்பி மனைவிக்குத் தலைவலி, பிள்ளைகளோடு படுத்து அப்போதே தூங்கிவிட்டாள். அக்கா பணி ஓய்வு விழாவுக்கு வாங்கிய புடவையை உடுத்திக்கொண்டு விருந்துக் கூடத்துக்குப் போய் வாசலோரமாக நின்றாள். அவ்வழியே வந்த கேப்டன் அவளிடம் கை நீட்டினார். அது நடந்தது. கூடம் எழுந்து நின்றது. அதுவும் நடந்தது. வாத்திய இரைச்சலுக்கு நடுவே, மூன்றாவது மேஜையிலிருந்து மேனேஜரின் குரல் கேட்டது: "அந்தம்மா யாருப்பா?" ஆயுசில் பாதியைக் காதில் கருவி மாட்டி ஊரார் பேச்சைக் கேட்டவள் அவள். எத்தனை சத்தத்திலும் வேண்டிய குரலைப் பிரித்துவிடும் காது. தம்பி சொன்ன பதிலும் அதில் தெளிவாக விழுந்தது. அவள் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

"அடுத்த வருஷமும் கப்பல்தான்," என்று தம்பி இப்போது மாமனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "அக்காவும் வரணும். அக்கா இல்லாம பிள்ளைங்க இருக்காது."

அக்கா சிரித்தாள். "கதையோட முடிவ இன்னும் சொல்லவே இல்லையே! என்னைப் பாத்து, 'இந்தம்மா யாரு'ன்னு கேக்கறாங்க. இவன் மேனேஜரை அம்போன்னு விட்டுட்டு ஓடி வந்தான். 'எங்க அக்கா சார்! என்னை வளத்தவ!'ன்னு ஒரே கத்தல். என்னைக் கட்டிக்கிட்டு அழுதான் பாருங்க, கப்பலுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத ஏன் மாப்பிள்ளை எங்ககிட்ட சொல்லவே இல்ல?"

"சொல்லிக்க மாட்டாருங்க. தங்கமான மனசு," என்றாள் மாமியார். மச்சினி கைதட்டினாள்.

அக்கா அவன் முகத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நல்ல பேரை வாங்கிக்கோடா, சும்மாதானே தரேன்.

தம்பியின் காது மடல்கள் சிவந்தன. "விடுக்கா."

"ஏன்டா, இதுவும் கனவா?"

"விடுன்னு சொல்றேன்ல!" ரிமோட் அவன் கையிலிருந்து நழுவியது. அவன் குனிந்து எடுக்கவில்லை. மாமனாரைப் பார்த்துச் சொன்னான்:

"நான் ஓடி வரல மாமா. அந்தம்மா யாருன்னு மேனேஜர் கேட்டார். தெரியலையே சார்னு சொன்னேன். அக்கா ஆடினா. எல்லாரும் எழுந்து நின்னாங்க. நானும் பாத்தேன்."