நந்தியாற்று மணலில் நாற்பத்தொரு நிழல்கள்

தாரண வருஷம் சித்திரை பதினொன்றாம் தேதி, அதாவது 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில், திருத்தணி மலையடிவாரத்துத் தெரு ஒன்றில் கெங்கம்மாளின் மகள் பாஞ்சாலியின் நிழல், பாஞ்சாலியை வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு உச்சி வெயிலில் தனியாக நடந்து போயிற்று. அந்த நேரத்தில் மற்ற நிழல்களெல்லாம் காலடியில் சுருண்டு கிடக்கும். இது மட்டும் பதினாலு வயதுப் பெண்ணின் முழு உயரத்துக்கு நீண்டு, பின்னல் முதுகில் ஆட, தெருப் புழுதியின் மேல் போனது. ஊரில் நோய் இருந்ததால் வெளியே ஆள் நடமாட்டம் இல்லை. பார்த்தவர்கள் மூன்று பேர்தான். அது அவசரப்படவில்லை, வழி தெரிந்தவள் போல ஆற்றுப் பக்கம் திரும்பியது என்று மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

வாந்திபேதி பங்குனியில் வந்தது. மலைக்கு வந்த கூட்டத்தோடு வந்தது என்றும், பள்ளிப்பட்டுப் பக்கத்து வண்டிகளோடு வந்தது என்றும் இரண்டு பேச்சு இருந்தது. கிணறுகளில் வெள்ளைத் தூள் போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் தோள் வீங்கிப் படுத்தார்கள், போட்டுக்கொள்ளாதவர்கள் பயத்தில் படுத்தார்கள். மலைப்படியில் குரங்குகளைத் தவிர ஏறுவார் இல்லை. கெங்கம்மாள் மந்தாரை இலை தைத்து மலைமேல் இருந்த சோற்றுக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தவள். அந்தக் கட்டுகளைத் தலையில் வைத்து இரண்டு வேளையும் படியேறி இறங்கியவள் பாஞ்சாலி. அவளுக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகளும் கெங்கம்மாளுக்குத் தங்கவில்லை. ஆகவே தெருவில் முதல் சாவு விழுந்த அன்றே மகளை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். தாழ்ப்பாளையும் நம்பாமல் உரலை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

பாஞ்சாலி முதல் வாரம் சண்டை போட்டாள். இரண்டாம் வாரம் யாரும் வாங்காத இலைகளைத் தைத்துத் தைத்துக் கூரை வரைக்கும் அடுக்கினாள். மூன்றாம் வாரம் பேச்சை நிறுத்தினாள். தலை வார விடவில்லை, தூங்கவில்லை, சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே விட்டாள். ஆனால் தினமும் மூன்று வேளையும் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்: நைனா எப்போது வரும்? அவள் அப்பன் மணவாளன் ரயில் பாதையில் கேங்மேன். பட்டாள வண்டிகள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன, அரக்கோணத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள், லீவு கொடுக்கவில்லை என்று கெங்கம்மாள் மூன்று வேளையும் ஒரே பதிலைச் சொன்னாள்.

அது பொய். சித்திரை ஏழாம் தேதி பாதையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே மணவாளனுக்கு வாந்தி கண்டது. கூட வேலை செய்தவர்கள் டிராலியில் ஏற்றிவந்து, நந்தியாற்று மணலில் நோயாளிகளுக்காகப் போட்டிருந்த கொட்டகையில் நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சுற்றிலும் முள்வேலி. சொந்தக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே போகக்கூடாது. கெங்கம்மாள் தண்ணீருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு விடியற்காலையில் போய் நின்று வருவாள். எட்டாம் தேதி அடித்த சூறைக்காற்று கொட்டகையின் கூரையை முழுசாகப் பிய்த்துக்கொண்டு போயிற்று. நோய்க்குப் பயந்து ஓலை வெட்ட யாரும் வரவில்லை. சித்திரை வெயிலில், ஆற்று மணலில், பத்தொன்பது பேர் பாயில் கிடந்தார்கள். நிழலுக்குக் கட்டிய துணிகளும் காற்றில் கிழிந்தன.

பாஞ்சாலிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டு எல்லம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் பேசியதை அவள் முதல் நாளே கேட்டுவிட்டாள். அம்மா தாங்கமாட்டாள் என்று தெரியாதவள் போலவே கேள்வி கேட்டாள். மகள் தாங்கமாட்டாள் என்று அம்மா பதில் சொன்னாள். இப்படி இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் பொய்யைக் காத்துக்கொண்டு ஒரே அறையில் இருந்தார்கள். பதினொன்றாம் தேதி நிழல் கிளம்பிப் போனது.

சாயங்காலம் அது கதவிடுக்கு வழியாகத் திரும்பிவந்து பாஞ்சாலியின் காலில் ஒட்டிக்கொண்டது. அவள் நின்ற இடத்தில் ஒரு பிடி வெள்ளை ஆற்று மணல் சிந்திக் கிடந்ததைக் கெங்கம்மாள் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பெருக்கித் தள்ளினாள். மறுநாள் நிழல் இறங்கியதும் பின்னாலேயே போனாள். அது முள்வேலியை முள் தைக்காமல் கடந்தது. வரிசையாகக் கிடந்தவர்களை ஒவ்வொரு பாயாகப் பார்த்துக்கொண்டு போய், ஆறாவது பாயில் நின்றது. பிறகு மணவாளன் மேல் முகத்திலிருந்து முழங்கால் வரை குளிர்ச்சியாகப் படிந்தது. அனல் பறந்த அந்த மணலில் ஒரு ஆள் நீளத்துக்கு மட்டும் நிழல் இருந்தது. மணவாளன் கண்ணைத் திறந்தான். கெங்கம்மாள் தன்னை அறியாமல் கைகூப்பியிருந்தாள். மலைமேல் திரை விலகும்போது கூட அவளுக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்தது கிடையாது.

கொட்டகையைப் பார்த்துக்கொண்ட கம்பவுண்டர் ஆதிகேசவன் வேலியருகே வந்தார்.

"நேத்தும் வந்துச்சும்மா. யாருதுன்னுதான் தெரியல."

"எம் பொண்ணுதுங்க" என்றாள் கெங்கம்மாள்.

வீட்டுக்கு வந்து மகளின் ரவிக்கையை அவிழ்த்துப் பார்த்தபோது முதுகு முழுக்க வெந்து சிவந்திருந்தது. தோள்பட்டையில் இரண்டு கொப்புளம். வெயிலே படாமல் இருட்டு அறையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முதுகு அது. நைனா கொட்டகையில் இருக்கிறது என்று கெங்கம்மாள் அப்போதுதான் சொன்னாள். தெரியும் என்றாள் பாஞ்சாலி. கெங்கம்மாள் கொப்புளத்தில் படாமல் சுற்றிலும் எண்ணெய் தடவினாள். புருஷன் ஒருபக்கம், நாலில் மிஞ்சிய ஒன்று ஒருபக்கம். மறுநாள் காலையில் கதவிடுக்கு, ஜன்னல், கூரை ஓட்டை எல்லாவற்றிலும் சாக்கை அடைத்தாள். வெளிச்சம் இல்லாத வீட்டில் நிழல் இல்லை. அன்று ஒன்றும் வெளியே போகவில்லை.

அன்று சாயங்காலம் வேலியருகே போனபோது, மணவாளனுக்கு மத்தியானமே நினைவு தப்பிவிட்டது, நாக்கில் விட்ட கஞ்சித் தண்ணீர் வழிந்துவிட்டது என்று ஆதிகேசவன் சொன்னார். அவள் திரும்பி வந்தாள். பாஞ்சாலி முழங்காலைக் கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். பேச்சை நிறுத்திய பிறகு அவள் பேசிய நீளமான பேச்சு இதுதான்:

"என்ன எத்தினி நாளு வேணா பூட்டி வைம்மா. நான் ஒண்ணும் கேக்கல. அத்த மட்டும் வுட்டுடு."

விடிந்ததும் கெங்கம்மாள் சாக்குகளைப் பிடுங்கி எறிந்தாள். உரலை நகர்த்திக் கதவை அகலத் திறந்தாள். விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்து மகளின் முதுகில் கனமாகப் பூசி, ஈரத்துணி போட்டு, பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்தாள். உச்சி வேளையில் நிழல் எழுந்தது. வாசற்படியில் கொஞ்சம் நின்றது.

"ஜாக்கிரதையா போய்ட்டு வா" என்று கெங்கம்மாள் அதனிடம் சொன்னாள்.

மறுநாள் எதிர்வீட்டுத் தணிகாசலத்தின் நிழல் போயிற்று. அவனுக்கு வயது பதினாறு. அவன் அம்மா சின்னம்மாள் கொட்டகையில் ஒன்பதாவது பாயில் இருந்தாள். அடுத்த நாள் ஏழு போயின, அதற்கடுத்த நாள் பதினெட்டு. அந்த வாரக் கடைசியில் நாற்பத்தொன்று. எல்லாம் பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வயதுக்குள் இருந்த பிள்ளைகளுடையவை. சிறு குழந்தைகளின் நிழல்கள் போகவில்லை. பெரியவர்களில் சிலர் வெயிலில் நின்று தங்கள் நிழலை அதட்டிப் பார்த்தார்கள், அவை காலைவிட்டு நகரவில்லை. ஒரு மாதமாகச் சாத்தியிருந்த கதவுகளைத் திறந்து, தகப்பன்களும் தாய்களும் வாசலில் நின்றார்கள். ஆள் இல்லாத தெருவில் நாற்பத்தொரு நிழல்கள் சத்தமில்லாமல் ஆற்றைப் பார்த்துப் போவதைக் கண்டார்கள். மூலையில் சுருண்டு கிடந்த பிள்ளைகள், தட்டை வீசி எறிந்த பிள்ளைகள், வாரக்கணக்கில் முகம் கொடுக்காத பிள்ளைகள். அவர்களுடைய நிழல்கள் நிமிர்ந்து நடந்தன. ஒவ்வொருவரும் தன் பிள்ளையை நடையை வைத்து அடையாளம் கண்டார்கள்.

வீட்டுக்குள் பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார்ந்தபடி, அங்கே தெரிந்ததைச் சொன்னார்கள். யார் கஞ்சி குடித்தார், யார் யாரைக் கேட்டார், எந்தப் பாய் காலியாயிற்று. பெற்றவர்கள் முதுகுக்கு விசிறிக்கொண்டே கேட்டார்கள். பயத்தைப் பற்றிய பேச்சும் அப்படியே வந்தது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று தகப்பன்மார் பிள்ளைகளிடம் சொன்னது அந்தச் சித்திரையில்தான். பல வீடுகளில் ராத்திரிச் சோறு மிச்சமில்லாமல் செலவாயிற்று.

ஆதிகேசவன் தன் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்: கூரை போனதிலிருந்து நிழல்கள் சேரும்வரை இறந்தவர்கள் ஒன்பது, அதன்பிறகு மூன்று. அந்த மூன்றில் சின்னம்மாள் ஒருத்தி. தணிகாசலத்தின் நிழல் அவள் கிடந்த இடத்தை விட்டு வரவில்லை. அந்த நாட்களில் அவன் அப்பன் தேசப்பன், மகன் வெயிலில் போகும் இடமெல்லாம் ஒட்டியே நடந்தான். தன் நிழல் அவன்மேல் விழும்படி பார்த்துப் பார்த்து நடந்தான். பதினோரு நாள் அப்படி நடந்தான். பன்னிரண்டாம் நாள் நிழல் வந்து சேர்ந்தது. அது வந்த பிறகும் அவர்கள் ரொம்ப நாள் சேர்ந்தே நடந்தார்கள்.

மணவாளன் வைகாசி நாலாம் தேதி பிழைத்து வீடு வந்தான். கோல் போல இளைத்திருந்தான். முள்வேலியிலிருந்து தெருவரைக்கும் அவன் தலைக்கு வெயில் படவில்லை. வாசலில் நிழல் ஒதுங்கி நின்று அவனை முதலில் உள்ளே விட்டது, பிறகு தானும் போய் மகளின் காலில் சேர்ந்தது. பாஞ்சாலி எழுந்து நின்றாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்து, வளர்ந்துட்டியே கண்ணு என்றான்.

"ஆங், நைனா" என்றாள் அவள்.

ஆடியில் மழை பிடித்தது, நோய் போயிற்று, மலைப்படியில் மறுபடி கூட்டம் ஏறியது. மற்ற நிழல்கள் ஒவ்வொன்றாகப் பழையபடி ஆயின. பிள்ளைகளுக்கு வயது ஏறியதும் அப்படித்தான் ஆகும் என்று ஊரில் வைத்துக்கொண்டார்கள். பாஞ்சாலியுடையது மட்டும் நெடுநாள் போய்வந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷக் கத்திரி வெயிலில் ஒருநாள், பக்கத்து வீட்டு எல்லம்மாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கரும்புக்குக் களையெடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், வரப்பில் ஒரு மரம்கூட இல்லை, பிள்ளையை எங்கே போடுவது என்று தெரியவில்லை என்றாள். பாஞ்சாலியின் நிழலைச் சாயங்காலம் வரைக்கும் அனுப்ப முடியுமா என்று கெங்கம்மாளைக் கேட்டாள்.

கெங்கம்மாள் இலைக்கட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன கேக்காத. அது அவளோடது, அவளையே கேளு" என்றாள்.

பாஞ்சாலி குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, முதுகில் போட்டுக்கொள்ள ஈரத்துணி எடுக்க உள்ளே போனாள்.