வேலைக்கு வந்ததற்குச் சாட்சி

தீர்ப்பு வந்து இன்றோடு பதினைந்து நாள். மாலை ஐந்து மணிக்குள், நான் வேலைக்கு வந்தேன் என்று கம்பெனிக்காரர்கள் கையால் எழுதி வாங்காவிட்டால், ஏழு வருஷம் நடையாய் நடந்து வாங்கிய தீர்ப்பு கைநழுவிப் போய்விடும். இப்போது மணி நாலு. காலை ஏழரையிலிருந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறேன்.

மருந்து பாட்டில் செய்யும் கம்பெனி இது. பாட்டிலை விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்த்து, விரிசல் இருந்தால் ஒதுக்குவது என் வேலை. விரிசல் விட்ட ஒரு லோடை நல்லது என்று கையெழுத்துப் போடச் சொன்னார் மேனேஜர். மாட்டேன் என்றேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி கோர்ட் தீர்ப்பு சொன்னது. பதினைந்து நாளுக்குள் நான் நேரில் போய் ஆஜராக வேண்டும் என்று கடைசியில் ஒரு வரியையும் சேர்த்துவிட்டது. அந்தத் தீர்ப்பின் நகல் என் கைக்கு வரவே பதினாலு நாள் ஆனது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

நேற்று சாயங்காலம் வக்கீலம்மா தெளிவாகச் சொன்னார். "அவங்க அப்பீல் போட்டுட்டாங்க."

"அப்ப தீர்ப்பு செல்லாதாம்மா?"

"அப்பீல் போட்டதால மட்டும் தீர்ப்பு நின்னுடாது. தடை உத்தரவு வாங்கினாதான் நிக்கும். இன்னும் வாங்கல. திங்கட்கிழமை விசாரணை. 'அந்தம்மா வேலைக்கே வரல, அக்கறையே இல்ல'ன்னு அன்னைக்கு சொல்லத்தான் பார்ப்பாங்க. நீங்க போட்டோ எடுத்தா, வேற நாள் எடுத்ததும்பாங்க. வந்தீங்கன்னு அவங்களையே எழுதிக் கொடுக்க வைங்க."

சொல்வது சுலபம். கேட்டில் காவலுக்கு நிற்பது வேறு யாருமில்லை, என் கொழுந்தன்தான். என் கல்யாணத்தின்போது அரைக்கால் சட்டை போட்டிருந்தவர். அவர் மேசையில் வருகைப் பதிவேடு விரித்துக் கிடக்கிறது. தண்ணீர் கேன் போட வந்தவன்கூட அதில் கையெழுத்துப் போட்டான். என்னை மட்டும் அதன் பக்கம் விடவில்லை.

"அண்ணி, உங்க பேரை எழுதினா என் சீட்டைக் கிழிச்சிடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டார். கடுதாசியும் வாங்கக் கூடாதாம். எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"உன்னை நான் எழுதச் சொல்லலையே தம்பி."

"நீங்க இப்படி வெயில்ல நிக்கிறதே எனக்கு எழுதச் சொல்ற மாதிரிதான் இருக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை. 'மீட்டிங் முடியட்டும்', 'சாப்பிட்டு வரட்டும்', 'போன்ல இருக்கார்' என்று ஒரு நாளையே விழுங்கிவிட்ட அந்த மனிதர்மேல். முதல் மாடி ஜன்னலில் நின்று டீ குடித்தபடி என்னைப் பார்த்தார். அவசரமே இல்லை அவருக்கு. ஐந்து அடித்தால் அவர் ஜெயித்தார். எழுதுவதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. பூனை குறுக்கே போனாலும் மெமோ கொடுப்பார். அந்த மனிதர் என் விஷயத்தில் மட்டும் பேனாவைத் தொடமாட்டேன் என்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்லபடியாகக் கேட்டால்தானே எழுத மாட்டார்?

நாலு முப்பத்தைந்துக்கு ஒரு லாரி வெளியே வந்தது. குறுக்குக் கம்பி மேலே எழுந்ததும் உள்ளே நடந்தேன். கொழுந்தன் ஓடிவந்து குறுக்கே நின்றார். அவர் என்னை விட்டுவிட்டதாகப் பேச்சு வந்தால் அவர் வேலை போகும். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துத் தள்ளினேன். நிலைதடுமாறி மேசைமேல் விழுந்தார். முழங்கை உரசி ரத்தம் வந்தது. "அண்ணி!" என்றார். நான் நிற்கவில்லை.

சோதனைப் பிரிவில் என் மேசையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். "கொஞ்சம் எழுந்திரும்மா" என்றேன். என்ன நினைத்தாளோ, எழுந்துவிட்டாள். விளக்கைப் போட்டு ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பினேன். அதில் விரிசல் இல்லை. இரண்டாவது பாட்டிலில் விரிசல் தெரிந்தது. ஒதுக்கி வைத்தேன். ஏழாவது பாட்டிலின்போது மேனேஜர் வந்துவிட்டார்.

"யார் உன்னை உள்ள விட்டது?"

"யாரும் விடல. உங்க காவலாளியைத் தள்ளிட்டு வந்தேன். கோர்ட் தீர்ப்புப்படி வேலைக்கு வந்திருக்கேன். முடிஞ்சதைப் பண்ணிக்கங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பண்றேன் பாரு" என்று போலீசுக்குப் போன் போட்டார். அங்கேயே உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

ஸ்டேஷனில் ரைட்டர் புகாரைச் சத்தமாக வாசித்தார். "மேற்படி பெண், இன்று மாலை நாலு நாற்பதுக்கு, கோர்ட் தீர்ப்பின்படி வேலையில் சேர வேண்டும் என்று கூறிக்கொண்டு, தடுத்த காவலாளியைக் காயப்படுத்தி அத்துமீறி நுழைந்து, தன் பழைய மேசையில் அமர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்." கீழே தேதி, மேனேஜர் கையெழுத்து, கம்பெனி முத்திரை.

"இதெல்லாம் உண்மையாம்மா? உங்க மேல கேஸ் வரும்."

"அத்தனையும் உண்மைங்க. எனக்கு ஒரு நகல் வேணும்."

நான் நகல் கேட்டதும் மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெளியே போய்த் தன் வக்கீலுக்குப் போன் போட்டார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"சார், பாவம், பொம்பளை. புகாரைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"பதிஞ்சு நம்பர் போட்டாச்சு சார். இனி எதுவா இருந்தாலும் கோர்ட்ல சொல்லிக்கங்க" என்றார் ரைட்டர். நகலை என் கையில் கொடுத்தார். ஏழு வருஷத்தில் அழாத அழுகை அங்கே வந்தது எனக்கு.

சாட்சி சொல்ல வந்த கொழுந்தன் முழங்கையில் கட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வலிக்குதா தம்பி?"

"வலிக்குது அண்ணி. நாளைக்கும் வருவீங்களா?"

"எட்டு மணிக்கு."

"மறுபடி தடுக்கச் சொன்னா நான் என்ன பண்றது?"

"தடு. ஆனா 'தடு'ன்னு அவரை எழுதிக் கொடுக்கச் சொல்லிட்டுத் தடு."