புகையிலைக் கொட்டிலில் ஒரு கிழமை

அம்மாட்டைச் சொல்லு, தண்ணிப் போத்திலைத் தரட்டாம், என்று சற்குணநாதன் சொல்ல, நாலு வயது நிலானி கதிரையிலிருந்து வழுக்கி இறங்கி அந்த நீண்ட மரமேசையைச் சுற்றிக்கொண்டு போகிறாள், வெறுங்கால்கள் கல்தரையில் பட்டுப் பட்டென்று கேட்கின்றன, கை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில் அவருக்கு நேரெதிரே இருக்கிற தாய் சுகிர்தாவிடம், அப்பாக்குத் தண்ணி வேணுமாம், என்கிறாள், சுகிர்தா நிமிராமலே போத்தலை எடுத்து மகளின் கையில் கொடுக்க, நிலானி அதை நெஞ்சோடு அணைத்தபடி வந்த வழியே திரும்பி நடக்கிறாள், சோற்றுக்கரண்டியும் கையுமாகப் பவளராணி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அந்தச் சிறுபெண் நிலானி இல்லை, தன் சொந்த மகள் ஆரணி, ஏழு வயது ஆரணி, பாரிசுக்கு வெளியே லா கூர்னேவ் அடுக்குமாடி வீட்டின் ஒடுங்கிய நடையில், ஹோலுக்கும் குசினிக்குமாக ஓடி வந்து, அம்மா, அப்பான்ரை வேலைக்குப் போடுற சேட்டை மினுக்கி வைக்கட்டாம், என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, பதிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அந்த ஆரணிக்கு இப்போது இருபத்துநாலு வயது, இதே மேசையின் தலைமாட்டில் இருந்து தகப்பனுக்கு மீன்துண்டு தெரிந்தெடுத்து வைக்கிறாள், செப்டெம்பரில் மொன்றியலுக்கு வேலைக்குப் போகிறாள், போக முதல் ஒரு கிழமை என்ர ஆக்கள் எல்லாரும் ஒரு வீட்டுக்குள்ளை இருக்கவேணும் அம்மா, வார நாளிலை உங்களோடை, சனி ஞாயிறு அப்பாவோடை எண்டு பெட்டி கட்டிக் கட்டியே வளந்தனான், என்று அவள் கேட்டபோது பவளராணி முதலில் மாட்டேன் என்றாள், முதல் மனைவியான தானும் இரண்டாம் மனைவி சுகிர்தாவும் ஒரு குசினிக்குள் நிற்பதை நினைக்கவே கூச்சமாக இருந்தது, பிறகு, அப்ப சமையல் ஆர் செய்யிறது, என்று கேட்டாள், அதுதான் சம்மதம் என்று ஆரணிக்குத் தெரியும். இரண்டு கார்களில் வந்தார்கள், தாயும் மகளும் ஒன்றில், சற்குணநாதனும் சுகிர்தாவும் குழந்தையும் மற்றதில், பாரிசிலிருந்து தெற்கே நாள் முழுக்க ஓடி, தொர்தோன் பக்கத்து வால்நட் தோப்புகளுக்கு நடுவே மண் ரோட்டில் திரும்பினால் அந்த வீடு, முந்தி புகையிலை உலர்த்துகிற கொட்டிலாக இருந்ததாம், உயரமான கறுத்தப் பலகைச் சுவர்கள், காற்றுப் போவதற்கு விட்ட இடைவெளிகளுக்கெல்லாம் கண்ணாடி போட்டிருந்தார்கள், கீழே குசினியும் மேசையும், மேலே மூன்று அறைகள், கூரை வளைகளில் இலை தொங்கவிட்ட கம்பிக் கொளுக்கிகள் மட்டும் அப்படியே இருந்தன.

சற்குணநாதன் காரால் இறங்கியதும் பலகையில் மூக்கை வைத்து மணந்தார், இன்னும் மணக்குது, என்று சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார், ஊரில் அவருடைய தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர், கதவுத் திறப்பைக் கொடுக்க வந்த வீட்டுச் சொந்தக்காரி மதாம் லகோம்புக்குத் தன் பிரெஞ்சில் அதையெல்லாம் விளங்கப்படுத்தினார், எப்படிக் கட்டுவது, எப்படிப் புகை போடுவது, தானே விடிய எழும்பி நின்று செய்ததாக, அந்த மனிசி கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டு நிற்க, கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த சுகிர்தா, பொய்யப்பா, மாமி எனக்குச் சொன்னவ, இவருக்குப் புகையிலை மணம் பட்டாலே வயித்தைப் பிரட்டிச் சத்தி வருமாம், புகை போடுற நாளிலை பெரியம்மா வீட்டிலை போய் ஒளிச்சிருப்பாராம், என்றாள், ஆரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதை மொழிபெயர்க்க, மதாம் லகோம்ப் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், எல்லாரும் சிரித்தார்கள், சற்குணநாதனும் சிரித்தார், சிரித்தபடியே கோப்பிக் கோப்பையைச் சுண்டுவிரலால் மெல்லத் தள்ளி வைத்தார். பவளராணி அந்த விரலைக் கண்டாள், எனக்கு என்ன, இது என்னுடையதில்லை, என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கோப்பையை எடுத்துக் கழுவினாள்.

அன்றைக்குப் பின்னேரத்திலிருந்து அவர் சுகிர்தாவோடு கதைக்கவில்லை, மற்ற எல்லாரோடும் கதைத்தார், முன்பைவிட இனிமையாகக் கதைத்தார், ஆரணியை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார், பவளம், மீன்குழம்பு அந்தமாதிரி, என்றார், பதினொரு வருசம் சமைத்துப் போட்ட காலத்தில் ஒருநாளும் வராத சொல் அது, அந்தப் புகழ்ச்சி தன் காதுக்கு அல்ல, அடுத்த கதிரையில் இருப்பவளின் காதுக்கு, என்று விளங்கியபோது பவளராணிக்குக் குழம்பே கசந்தது.

மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் உடுப்புக் காயவிடும்போது சுகிர்தா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள், முப்பத்துமூன்று வயது, யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டி வந்து ஆறு வருசம், பாரிசில் மாமிமுறை மச்சாள்முறை என்று ஒருவரும் இல்லை, கொஞ்ச நேரம் குழந்தையின் சட்டைகளை உதறிப் போட்டாள், பிறகு, அக்கா, ஒண்டு கேட்டால் கோவிப்பியளோ, என்றாள், கேளும், என்றாள் பவளராணி, அவர் உங்களோடையும் இப்பிடித்தானோ, என்றாள் சுகிர்தா, எப்பிடி, கதைக்காமல். பவளராணி ஈரத் துவாயைக் கொடியில் விரித்தாள். ஓம். கூடினது எவ்வளவு நாளைக்கு அக்கா. ஒருக்கா மாரி முழுக்க, பனி தொடங்கி முடியுமட்டும். என்னத்துக்கு. அது எனக்கு இண்டைக்கும் தெரியாது சுகிர்தா. சுகிர்தா புல்லில் குந்திவிட்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது, என்னிலைதான் பிழையெண்டு நினைச்சிருந்தன், உங்களை வாய்க்காரி எண்டுதான் எனக்குச் சொன்னவை, நான் வாயைத் திறக்காமல் இருந்தால் சரியெண்டு நினைச்சன், என்றாள், பவளராணிக்கும் சிரிப்பு வந்தது, வாய்க்காரியோ, நானோ.

அந்த மாரியில் அவள் அரிசி அவிக்கிற பானையோடு கதைக்கப் பழகியிருந்தாள், காரணத்தைத் தேடித் தேடிக் களைத்தாள், தம்பி எடுத்த ரெலிபோனோ, கடைக்காரனோடு சிரித்ததோ, செய்ததுக்கும் செய்யாததுக்கும் மன்னிப்புக் கேட்டாள், அவர் பத்திரிகையை மறுபக்கம் புரட்டினார், அடிக்கவில்லை, ஏசவில்லை, சம்பளத்தை ஒழுங்காக மேசையில் வைத்தார், ஒருநாள் பாண் கடைக்காரி, போன்ஜூர் மதாம், இண்டைக்கு என்ன வேணும், என்று முகத்தைப் பார்த்துக் கேட்டதும் பவளராணி கடை நடுவில் விம்மி அழுதாள், அழுதபடியே ஒரு பாணை வாங்கிக்கொண்டு வந்து, அன்றைக்குத்தான் முடிவெடுத்தாள். வக்கீலின் அறையில் மொழிபெயர்க்க வந்த தமிழ்ப் பெண், அடிக்கிறவரோ, என்று கேட்டாள், இல்லை, குடியோ, இல்லை, வேறை தொடுப்போ, இல்லை, அப்ப நான் என்னத்தை அக்கா சொல்லுறது, என்று பேனையை மூடிவிட்டாள், சொந்தக்காரரும் அதையேதான் கேட்டார்கள், கதைக்கேல்லையாம், அவ்வளவுதானோ, அதுக்கு ஒருத்தி புருசனை விடுவாளோ, பத்து வயது ஆரணி எதையும் கேட்கவில்லை, அதனால் பவளராணியும் சொல்லவில்லை.

இப்போது மேசையில் தண்ணீர் குடித்து முடித்துவிட்டுச் சற்குணநாதன் வாயைத் துடைக்கிறார், நிலானி, அம்மாட்டைச் சொல்லு, கறிக்கு உப்புக் காணாதாம். வாய்க்குள் சோற்றோடு குழந்தை பெருமூச்சு விட்டுக்கொண்டு மறுபடி இறங்கப் பார்க்கிறது, நீ இரு பிள்ளை, சாப்பிடு, என்கிறாள் பவளராணி, கரண்டியை வைத்துவிட்டு வந்து சுகிர்தாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறாள், பிறகு அவரைப் பார்த்து, முன்னாலைதானே இருக்கிறா, நீங்களே சொல்லுங்கோ. பதினாலு வருசத்துக்குப் பிறகு அவரிடம் நேரே சொன்ன முதல் வார்த்தை அது. நீர் இதுக்குள்ளை வராதையும் பவளம், என்றார் அவர். நான் ஒண்டுக்குள்ளையும் வரேல்லை, பிள்ளை இருந்து சாப்பிடட்டும். அவர் விரல்களை மடக்கினார், எழுந்து கை கழுவினார், படியேறி மேலே போனார், கதவு சாத்துகிற சத்தம் கூட மெதுவாகத்தான் கேட்டது.

ஆரணி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், நானும் இப்பிடித் தூது கொண்டு திரிஞ்சனான் என்ன அம்மா, என்றாள். நீ சின்னப்பிள்ளை. எனக்கு அது பெருமையாய் இருந்தது, அப்பா என்னை நம்பி அனுப்புறார் எண்டு, நீங்கள் பதில் சொல்லாமல் பாத்துக்கொண்டு நிக்கேக்கை உங்களிலைதான் எனக்குக் கோவம் வரும், என்றவள் நிறுத்தி, இதுக்காகத்தான் விட்டனீங்களோ, என்று கேட்டாள். ஓம், இதுக்காகத்தான். பவளராணி அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள், அவ்வளவுதானோ என்று எல்லாரும் கேட்ட அந்தக் கேள்விக்காக, ஆரணி அதைக் கேட்கவில்லை, எழுந்து வந்து தாயின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

மேலே பெட்டியின் சிப் இழுபடுகிற சத்தம், படிகளில் சப்பாத்துச் சத்தம், சற்குணநாதன் பெட்டியோடு மேசையைக் கடந்து வெளியே போனார், வாடகைக் கிழமை முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது, கார் ஸ்டார்ட் ஆனது, ஆனால் போகவில்லை. அவர் போகமாட்டார், பவளராணிக்குத் தெரியும், வா என்றும் கூப்பிடமாட்டார், எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு இருப்பார், அந்த நாளில் அவள்தான் எத்தனை தரம் ஈரத் தலையோடு, அடுப்பை அணைத்தேனா என்ற பதற்றத்தோடு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியால் ஓடி இறங்கியிருப்பாள், கதவைத் திறந்து ஏறியதும் அவர் கண்ணாடியைப் பார்த்தபடி காரை எடுப்பார். சுகிர்தா பாதி எழுந்தாள், அவளை ஒருவரும் பிடித்து இருத்தவில்லை, எழுந்தவள் ஆரணியைப் பார்த்தாள், பவளராணியைப் பார்த்தாள், மெல்ல மறுபடி இருந்தாள், குழந்தையின் தட்டில் சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்தாள். வெளியே ஹோர்ன் அடித்தது. அப்பா கூப்பிடுறார், என்றாள் நிலானி. அது கார் பிள்ளை, அப்பா இல்லை, என்றாள் சுகிர்தா, வாயை ஆவெண்டு திற.

ஒரு உருண்டை, இன்னொரு உருண்டை, மறுபடி ஹோர்ன், பிறகு எஞ்சின் நின்றது, வால்நட் மரங்களில் காற்றுப் போகிற சத்தம் மட்டும் கேட்டது, அது எவ்வளவு நேரம் என்று பிற்காலத்தில் மூவரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். சற்குணநாதன் கதவடியில் வந்து நின்றார், வாசல் வெளிச்சத்தில் அவருடைய முகம் தெரியவில்லை, கைகளை எங்கே வைப்பதென்று அறியாதவர்போல் நின்றார், சுகிர்தா, என்றார், பிறகு, போவமே.

சனிக்கிழமைதானே வீடு முடியுது, அண்டைக்குப் போவம், என்றாள் சுகிர்தா, சாதாரணக் குரலில், குழந்தையின் வாயைத் துடைத்தபடி.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை, சுகிர்தா அவரை விட்டுப் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுத்து, இன்னும் இடைக்கிடை கதையை நிப்பாட்டுறவர்தான் அக்கா, நான் என்ர பாட்டிலை பிரெஞ்சு வகுப்புக்குப் போட்டு வாறன், பிள்ளையை மட்டும் தூது விட விடுறேல்லை, என்று சொல்லுவாள், பவளராணி கேட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டுவாள். அந்தப் பகலில் மேசையில் இருக்கையில் அவளுக்கு வெற்றியாக ஒன்றும் தோன்றவில்லை, ஆத்திரம்தான் வந்தது, இவ்வளவுதானா, எழும்பாமல் இருப்பதுதானா, அதை நான் ஏன் அந்த மாரியில் செய்யவில்லை, என்று நினைத்தாள், நினைத்த கணத்திலேயே மேசைக்குக் கீழே எதுவோ தன் காலில் இடிப்பதை உணர்ந்தாள், சுகிர்தாவின் முழங்கால், முகமும் குரலும் அவ்வளவு அமைதியாக இருக்க அது மட்டும் உதறிக்கொண்டிருந்தது, பவளராணி தன் கையை அதன்மேல் வைத்தாள், அவர் வந்து கதிரையை இழுத்து இருந்த பிறகும், நடுக்கம் அடங்கும்வரை எடுக்கவில்லை.