திருஷ்டித் தேங்காய்க் கரி

சனிக்கிழமை காலையில் கோகிலவாணி கோணியும் கையுமாக மும்பை தாராவிக் கடைவீதியில் இறங்கிவிடுவாள். முந்தின நாள் கடைக்காரர்கள் திருஷ்டி சுற்றித் தெருவில் உடைத்த தேங்காயை யாரும் தொடமாட்டார்கள். இவள் தொடுவாள். சிரட்டைகளைப் பொறுக்கிக் கொண்டுபோய்த் தன் கொட்டகையில், மூடிய பீப்பாயில் சுட்டுக் கரியாக்குவாள். டிராம்பே பக்கத்து ஆலை ஒன்று அதை வாங்கி, கடுஞ்சூடான நீராவியில் பதப்படுத்தும். அப்போது கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். சாண எரிவாயுவோடு கலந்து வரும் நச்சு வாயுவை அந்தத் துளைகள் பிடித்துக்கொள்ள, நல்ல வாயு பிரிந்து போகும். குப்பைக்குப் போகிற சிரட்டைக்கு இப்படி ஒரு வாழ்வா என்று கோகிலவாணிக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

கொட்டகையின் சொந்தக்காரர் மளிகைக்கடை வானமாமலை. ஒரு சனிக்கிழமை காலை அவர் மனைவி முப்பிடாதியம்மாள் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. எல்லாம் அந்தச் சிரட்டை செய்கிற வேலை என்று யாரோ கொளுத்திப் போட, மனிதர் நேரே கொட்டகைக்கு வந்து குதித்தார்.

"ஊரான் கண்ணேறு எல்லாத்தையும் கொண்டாந்து என் எடத்துல குமிச்சு வச்சிருக்கியா? இன்னைக்கே காலி பண்ணு!"

கொட்டகை போனால் தொழிலே போயிற்று. கரி சுட வேறு யார் இடம் தரப்போகிறார்கள்? ஆனாலும் கெஞ்ச அவளுக்கு மனம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"நச்சுக் காத்தையே புடிச்சு வைக்குத கரி இது, அண்ணாச்சி. ஒங்க கண்ணேறு எம்மாத்திரம்? சரி, நான் ஒண்ணு கேக்கேன். இத்தன வருசமா நீங்க ஒடச்ச காய யாரு அள்ளுனது? குப்ப அள்ளுத கச்சரா வண்டிக்காரந்தான? அவன அந்தக் கண்ணேறு புடிச்சா பரவால்லையோ? அவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குல்லா?"

"வாய்க்கு வாய் பேசாத!" என்று வானமாமலை கையை ஓங்கிக்கொண்டு கத்தினார். சத்தம் கேட்டு, எதிரே இருந்த தன் வீட்டிலிருந்து சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள் முப்பிடாதியம்மாள்.

"அவள எதுக்கு வையுதிய? நேத்து நம்ம கட வாசல்ல நீங்க ஒடச்ச தேங்காத் துண்டுலதான் நான் வழுக்குனேன். சொன்னா ஏசுவியன்னு வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

வானமாமலைக்கு முகம் செத்துப்போயிற்று. கோகிலவாணி ஒரு காலிக் கோணியை உதறி அவர் கையில் திணித்தாள்.

"நான் காலி பண்ண மாட்டேன், அண்ணாச்சி. இனிமே காய இதுக்குள்ள ஒடைங்க. நானே வந்து வாங்கிக்கிடுதேன்."

அவர் கோணியை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். முப்பிடாதியம்மாள்தான் விடவில்லை.

"கோணிய மட்டும் வாங்குனா போதாதுங்க, இதயும் மனசுல வாங்கிக்கிடுங்க. நமக்கு வேண்டாத கெடுதல அடுத்தவன் தலையில தள்ளிவிடுதது சாமி காரியமே இல்ல. அது பாவம்."