டாக்டர் பேசிய தமிழ்

டாக்டர் தமிழ்க்காரர் என்று கேட்டதுமே நாகரத்தினத்துக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. புருஷன் சண்முகம் வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேகன் பூட்டுகிற ஆள். கழுத்தில் கட்டி கட்டியாய்க் கிளம்பி, காலர் பட்டன் போட முடியவில்லை. ரத்த வியாதிக்கும் புற்றுநோய்க்கும் பார்க்கிற டாக்டர் வைத்தீஸ்வரன், மூன்று தலைமுறையாய் அங்கேயே டாக்குரியாவில் இருந்து பங்களா பாஷையில் ஊறிய குடும்பம். தமிழில் பேச ஆள் கிடைத்ததில் மனிதருக்கு ஒரே குஷி.

"ஊசி மருந்தெல்லாம் போட்டா எப்படிங்க டாக்டர்?" என்றாள்.

அவர் வார்த்தையைத் தேடினார். "கஷ்டம்மா. ரொம்பக் கஷ்டம். வீட்டுல பேசிட்டு வாங்கோ."

டாக்டர் வாயில் கஷ்டம் என்று வந்தால் தமிழச்சிக்கு வேறென்ன அர்த்தம்? கையை விரித்துவிட்டார் என்றுதான். வெளியே வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இருக்கிறவரைக்கும் வாய்க்கு ருசியாய்ச் சாப்பிடட்டும் என்று குவார்ட்டர்ஸுக்கே கூட்டிப் போய்விட்டாள். ஆக்கிப் போட்டாள், பாவி, விதவிதமாய் ஆக்கிப் போட்டாள். எழுபத்தெட்டாம் வருஷத்து வெள்ளம் வடிந்த சமயம் சண்முகம் போய்ச் சேர்ந்தான்.

அப்புறம் பக்கத்து வீட்டு வங்காளி மாலாவின் தம்பிக்கும் அதே கட்டி, அதே டாக்டர். முடி கொட்டி, குடலைப் புரட்டி வாந்தியெடுத்துக் கிடந்தவன், மறு வருஷம் துர்கா பூஜைக்குப் பந்தல் மூங்கிலைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான்! 'கூப் கோஷ்டோ ஹோபே' என்று டாக்டர் முதலிலேயே சொன்னாராம். ரொம்ப வேதனையாய் இருக்கும் என்று அர்த்தம்; ஆனால் குணமாகிவிடும் என்றும் சொன்னாராம்.

நாகரத்தினத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கோஷ்டோ. முழங்கால் வலிக்கு அவளே தினமும் மாலாவிடம் சொல்லிப் புலம்புகிற வார்த்தைதான்.

நேரே டாக்டரிடம் போனாள்.

"கஷ்டம்னு சொன்னீங்களே, பொழைக்கமாட்டாருன்னுதானே நெனச்சேன்!"

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஐயோ, ஊசி போட்டா உடம்பு கஷ்டப்படும்னு சொன்னேம்மா. நீங்க திரும்பி வருவேள்னு பார்த்துண்டே இருந்தேன்."

"யாருய்யா உங்களைத் தமிழ் பேசச் சொன்னது? எனக்குத்தான் பங்களா தெரியுமே! அதுலயே சொல்லித் தொலைச்சிருந்தா எம்புருஷன் இருந்திருப்பாரே!"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா."

"எந்தக் கஷ்டம் டாக்டர்?" என்றாள் நாகரத்தினம். "தமிழ்க் கஷ்டமா, பங்களாக் கஷ்டமா?"