மைக் பிடித்த மெக்கானிக்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பேச்சு எதற்கு? இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பாதி நாள் மொட்டை மாடிக்கு மேலே மோட்டார் ரூமில் தனியாகத்தான் கிடப்பேன். கம்பெனியில் எனக்கு மௌனசாமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவனுக்கு வாய் மட்டும்தான் தெரியும், வேலை தெரியாது. அது வேறு விஷயம்.

போன வருடம் வரைக்கும் அந்தப் பெயர் எனக்குப் பிடித்தே இருந்தது. அப்போது ஒரு குடியிருப்பில் ஆறு நாள் லிஃப்டை நிறுத்திக் கயிறும் கப்பியும் மாற்ற வேண்டும் என்று சொல்வதற்காக அவர்கள் கூட்டத்துக்குப் போனேன். தாளைப் பார்த்து இரண்டு நிமிடம் முணுமுணுத்தேன். பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். முன்வரிசையில் ஒருவர், "அவசரம் இல்லேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்றார். அவசரம்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலாவது மாதம் அந்த லிஃப்ட் மூன்றாவது மாடியில் கதவு திறந்த பிறகும் நிற்காமல் முக்கால் அடி கீழே வழுக்கியது. வெளியே கால் வைத்த மனிதர் இடறி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது. விசாரணையில் என்மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். நான்தான் முன்கூட்டியே எச்சரித்துவிட்டேனாம். நான் எச்சரித்த லட்சணம் எனக்கல்லவா தெரியும்.

இப்போது அதே கதையாக இன்னொரு கட்டடம். எட்டு மாடி, ஒரே லிஃப்ட். கப்பியின் பள்ளங்கள் தேய்ந்து, கயிறு பிடிமானம் இல்லாமல் வழுக்கத் தொடங்கியிருந்தது. கட்டாயமாக நிறுத்த வேண்டிய அளவுக்கு இன்னும் தேயவில்லை, அதனால் குடியிருப்பவர்கள் ஒத்துக்கொண்டால்தான் கை வைக்க முடியும் என்றார் எங்கள் கம்பெனி மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். கை தூக்கி ஓட்டு. "நீயே போய்ப் பேசிடுப்பா, உனக்குத்தான் விஷயம் தெரியும்" என்று நைசாகக் கழன்றுகொண்டார்.

என் வீட்டுக்காரி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிறவர்களை விசில் இல்லாமலே நிறுத்திவிடுவாள். ஒரு வாரம் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் என்னைச் சமையலறை வாசலில் நிற்க வைத்தாள். அவள் கூடத்தின் மறு மூலையில், துணி உலர்த்தும் கிளிப் கூடையோடு.

"ஒவ்வொரு 'வந்து'க்கும் ஒரு கிளிப்பு. நீங்களே சட்டையில மாட்டிக்கோங்க."

முதல் நாள் மூன்று நிமிடப் பேச்சில் பத்தொன்பது கிளிப். அவள் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள். மூன்றாம் நாள் ஒன்பதாகக் குறைந்தது. ஆனாலும் அவளுக்குத் திருப்தி இல்லை.

"பள்ளம் எத்தனை மில்லிமீட்டர் தேஞ்சுதுன்னு யாருக்குங்க வேணும்? அந்தாளு கால் உடைஞ்சதைச் சொல்லுங்க. எங்கிட்ட சொன்னீங்கல்ல, அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல."

"அடுத்தவன் கால் உடைஞ்சதை வச்சு நான் கைதட்டல் வாங்கணுமா?"

"கைதட்டல் யார் கேட்டா? ஓட்டு வாங்குங்க. இல்லேன்னா இன்னொரு கால் உடையும். அப்புறம் நாலு மாசம் தூங்காம என் பிராணனை வாங்குவீங்க."

அவள் சொன்னது நிஜம்தான். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த மனிதர் விழுந்த இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கினேன். சனிக்கிழமை இரண்டே கிளிப்தான். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "பயமாத்தாங்க இருக்கு" என்றாள். நல்லதாகச் சொன்னாளா கெட்டதாகச் சொன்னாளா என்று கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதேகாலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். கீழ்த்தளத்தில் நீளமான அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பக்கம் குழல்விளக்கு மட்டும் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. அதையாவது சரிசெய்யலாமா என்று கை பரபரத்தது. பத்து மணிக்குள் மூன்று முறை கழிவறைக்குப் போய் வந்தேன். நாற்பது பேர் இருப்பார்கள். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்து, "ரெண்டே வார்த்தைல முடிச்சுடுங்க மெக்கானிக்" என்று என் கையில் கொடுத்தார். உள்ளங்கை வியர்வையில் மைக் வழுக்கியது. போச்சு, மறுபடியும் அதே கதைதான் என்று நினைத்தேன்.

"போன வருஷம் ஒருத்தர் லிஃப்டை விட்டு வெளியே கால் வச்சார்" என்றேன்.

அவ்வளவுதான், போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். பிறகு நான் பேசினேனா, வேறு யாராவது என் வாயால் பேசினார்களா தெரியாது. அவர் விழுந்த விதத்தைச் சொன்னேன், அதற்கு முன்னால் நான் முணுமுணுத்த கூட்டத்தையும் மறைக்காமல் சொன்னேன். "திங்கள்லேருந்து சனி வரைக்கும் ஆறு நாள் படியேறினா கால் வலிக்கும். வலிக்கிறதுக்குக் கால் இருக்கும்" என்று முடித்தேன். இந்த வரியைப் போட்டது என் வீட்டுக்காரி. செயலாளர் ஓட்டு கேட்டார். எல்லாக் கையும் உயர்ந்திருந்தது. கைதட்டினார்கள். ஒருவர் வந்து, நீங்கள் தேர்தலில் நிற்கலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்காரிக்குப் போன் போடலாம் என்று வெளியே வராந்தாவுக்கு வந்தேன். பின்னாலேயே ஒரு அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். கையில் ஒரு தாளை நாலாக, எட்டாக மடித்து வைத்திருந்தார்.

"ரொம்ப நல்லாப் பேசினீங்க தம்பி."

"உங்க வீடு எந்த மாடிம்மா?"

"எட்டு. ஒண்ணு கேக்கணும்னு எழுதிட்டு வந்தேன். நீங்க பேசினதைக் கேட்டதும் கேக்கப் பயமாப் போச்சு. எல்லாரும் கை தூக்குனாங்க, நானும் தூக்கிட்டேன்."

"என்னம்மா கேக்கணும்?"

"எங்க வீட்டுக்காரருக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. அவரால ஒரு படிகூட இறங்க முடியாது. நாற்காலில வச்சுத்தான் கொண்டுபோகணும்." அவர் தாளைப் பிரிக்கவே இல்லை. "பரவாயில்ல, எப்படியாவது பாத்துக்கறேன். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

எப்படிப் பார்த்துக்கொள்வார்? நூற்று நாற்பத்துநாலு படி. நேற்றுத்தான் எண்ணியிருந்தேன், பேச்சில் சேர்ப்பதற்காக. எண்ணும்போது இப்படி ஒரு மனிதர் மேலே இருப்பார் என்று மண்டையில் ஏறவில்லை. எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

உள்ளே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. கூட்டம் கலையப் போகிறது. இப்போது போய் இதைச் சொன்னால், அந்த நோயாளிக்காக ஒத்திவைக்கலாம் என்று யாராவது ஒருவர் எழுந்து நிற்பார். இப்படி ஒரு சாக்குக்காகவே இரண்டு பேர் காத்திருப்பார்கள். ஓட்டு கைநழுவிப் போகும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் புதிதா என்ன? போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே போனேன். செயலாளர் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் எல்லாரும்..." என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை கத்தினேன். பாதிப் பேர் நின்றார்கள், யாரும் உட்காரவில்லை. "நான் வந்து... ஒண்ணை விட்டுட்டேன். எட்டாவது மாடி சார்... வந்து... ஆஸ்பத்திரிக்கு... நாற்காலியோட தூக்க நாலு பேர் வேணும். நான் ஒருத்தன் வந்துடறேன். இதை நான் யோசிக்கல. தப்பு என்னோடது."

நான் பயந்தபடியே நடந்தது. "அப்ப ஓட்டை மறுபடி எடுக்கணுமே" என்றார் செயலாளர். "அவர் உடம்பு தேவலையாகட்டும், ரெண்டு மாசம் தள்ளிப்போடலாம்" என்று ஒரு குரல். தலைகள் ஆடின. டயாலிசிஸ் போகிறவருக்கு ரெண்டு மாதத்தில் என்ன தேவலையாகும் என்று கேட்க நினைத்தேன், வார்த்தை வரவில்லை.

"தள்ளிப்போட வேணாம்."

எட்டாவது மாடி அம்மா வாசலில் நின்றிருந்தார். ஒரு நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"உங்க எல்லாரையும்விட அந்த லிஃப்டை நம்பி இருக்கறவர் அவர்தான். ஒவ்வொரு தடவையும் கதவு திறக்கறப்ப எனக்கு உயிர் போயிட்டு வருது. லிஃப்டை மூடுங்க. அவரைத் தூக்க மட்டும் ஆள் குடுங்க."

ஒருவர் போனைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார். யாராவது வருவார்கள் என்று பொதுவாக விட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"செவ்வாய்க்கிழமை காலைல ஆறு மணிக்கு இறக்கணும். பன்னண்டு மணிக்கு ஏத்தணும். மெக்கானிக் தம்பி ஒருத்தர் ஆச்சு. மூணாவது மாடி, நீங்க?"

மூணாவது மாடிக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "வர்றேங்க."

"அஞ்சாவது மாடி?"

"காலைல வர்றேன். மத்தியானத்துக்கு என் தம்பியை அனுப்பறேன்."

"செயலாளர் சார்?"

செயலாளர் வயரைக் கீழே வைத்தார். தன் முதுகைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிம்மா" என்றார்.

நாலு பேர் சேர்ந்தாயிற்று. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பக்கத்தில் போனபோது, அந்த அம்மா இன்னும் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடியே நின்றிருந்தார். நான் இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பின்னால் போட்டேன்.

"உக்காருங்கம்மா. ஆள் கிடைச்சாச்சு."

"இருங்க தம்பி" என்றார், கூட்டத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னும் வியாழன், சனி இருக்கு."