டிக்கியில் ஒரு வெர்டெல்லோ

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்த ஒரு போத்தலிலிருந்து வந்தது. மிருணாளினி சிட்னியில், கிரவீனில் உள்ள என் வீட்டுக்கு வந்து தந்துவிட்டுப் போனாள். ஹண்டர் பள்ளத்தாக்கில் அவள் தானே செய்த முதல் வெள்ளை வைன். வெர்டெல்லோ என்ற திராட்சை. அவளுடைய அப்பா அரியரத்தினம் என் நண்பர். மகள் வைன் செய்கிறாள் என்று சொல்லக் கூச்சம்; ‘லாப்பில், ஆய்வுகூடத்தில் வேலை’ என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

"இது நான் செய்தது எண்டு அப்பா ஆக்களுக்கு முன்னால ஒருக்காச் சொன்னால் காணும், அங்கிள்" என்றாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘போர்த்துக்கேயரின் மடெய்ரா தீவிலிருந்து புறப்பட்ட இத்திராட்சை, நம் தமிழுக்குக் குசினி, கதிரை என்ற சொற்களைத் தந்த அதே...’

(விட்டுவிட்டேன். கட்டுரை வாடை அடிக்கிறது. வெயில் தாங்கும், ஆனால் அவ்வளவாகப் பெயர் எடுக்காத திராட்சை. அது தெரிந்தால் போதும்.)

3

லிட்கமில் ஒரு பிறந்தநாள் விழா. நம் விழாக்களில் சாப்பாடு மண்டபத்துக்குள்ளே, குடி வெளியே ஒரு காரின் டிக்கியில். ஆண்கள் மட்டும், விஸ்கி மட்டும். அங்கே நான் வெர்டெல்லோவைக் கொண்டுபோனேன். அரியரத்தினத்திடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் வந்திருக்கவே மாட்டார்.

எங்கள் கூட்டாளி சிறிதரன் பிளாஸ்டிக் கோப்பையில் ஒரு வாய் குடித்தார். "என்ன இது, பழுத்த கொய்யா மாதிரி மணக்குது. நல்லாயிருக்கு. ஆர் செய்தது?"

அரியரத்தினம் போத்தலின் லேபிளைப் பார்த்துவிட்டார். மகளின் பெயர் அதில் இருந்தது. அந்த நேரம் பார்த்து மிருணாளினி அப்பாவிடம் கார்ச் சாவி கேட்டு வந்து நின்றாள்.

4

(என் முதல் வரைவில் அரியரத்தினம், "கடையில வாங்கினது" என்றார். அந்த மனிதருக்கு நான் செய்த அநியாயம் அது. இரண்டாவதில் கண் கலங்கி ஒரு பிரசங்கமே செய்தார். தன் கல்யாணத்திலேயே வாய் திறக்காதவர். அதையும் அடித்தேன். மூன்றாவதில் நான் முந்திக்கொண்டு, ‘இவர் மகள்தான்...’ என்று

வேண்டாம். அது என் வாயால் வரவேண்டிய சொல் அல்ல.)

நடந்தது இதுதான். சிறிதரன் தன் கோப்பையில் போட ஐஸ் கட்டி எடுத்தார். அரியரத்தினம் அவர் கையைப் பிடித்தார்.

"பொறும் சிறி. போடலாமோ எண்டு என்ரை பிள்ளையைக் கேளும். அவதான் செய்தவ."

பிறகு புதிய கோப்பை ஒன்றில் ஊற்றி, அத்தனை பேருக்கும் முன்னால் மகளிடம் நீட்டினார்.

5

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அவள் வாங்கினாளா, அழுதாளா, ‘இவ்வளவு நாள் எங்கே போனீர்கள்’ என்று கேட்டாளா, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் நிற்கக் கிடைத்ததே எனக்குப் பெரிய கொடுப்பினை. அப்பனுக்கும் மகளுக்கும் நன்றி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவரை அதிக நேரம் கை நீட்டியபடி நிற்க வைத்துவிடாதீர்கள்.